அழிந்த தராசுத் துண்டுகள்: ஒரு பணிநீக்க வழக்கும் 64 மாதமும்

2022 நவம்பரில் ஒரு தவணை நாள். தொழில் நியாய சபையின் வாசல் வாங்கில் இருந்தபடி, அரிசி ஆலையில் வேலை போன ஒருவர் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். உள்ளே 58 தராசுத் துண்டுகள், ஆலைக்கு வந்த நெல்லை நிறுத்தபோது தராசு அச்சடித்த எடைச் சீட்டுகள், றப்பர் வளையம் போட்டுக் கட்டியபடி. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளைத் தாள். அடுத்ததும் வெள்ளை. பத்து, பதினைந்து துண்டு பார்த்த பிறகு என்னிடம் நீட்டினார்.

"அண்ணை, எழுத்தைக் காணேல்லை."

ஏ.ரி.எம். துண்டு அடிக்கும் அதே வகைத் தாள் அது. மை கிடையாது, சூட்டில் எழுத்து விழும். நாள்பட்டால் மங்கும். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால், உறையின் இரசாயனம் பட்டு இன்னும் கெதியாக மங்கும். மழை படாமல் பத்திரமாக இருக்கட்டும் என்று அவர் தகரக் கூரைக்குக் கீழே மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருந்த உறைதான் எழுத்தைத் தின்றது. அச்சில் விழுந்த எடை போய்விட்டது. ஓரத்தில் நீலப் பேனாவால் அவரே எழுதிய ஈரப்பத எண்கள் மட்டும் அப்படியே நின்றன: 17.8, 18.1, 16.9. எந்த நாளில் வந்த எந்த லோட்டின் ஈரப்பதம் என்று சொல்ல அந்தத் தாள்களில் எதுவும் இல்லை.

பணிநீக்க வழக்கில் தாமதம் என்ன செய்யும் என்று கேட்டால் நான் முதலில் இந்த உறையைத்தான் சொல்வேன். தீர்ப்புப் பிந்தி வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். பிந்தி வரும் தீர்ப்பு நேரத்துக்கு வந்திருக்கக்கூடிய அதே தீர்ப்பு அல்ல என்பதுதான் நான் இந்த வழக்கில் கண்டது. கேட்ட நிவாரணம் ஒன்று, கிடைத்தது வேறொன்று, கையில் வந்தது மூன்றாவது ஒன்று.

நான் சட்டத்தரணி அல்ல. இலங்கையின் வன்னியில் தொழிலாளர்களுக்குக் கடிதம் எழுதி, கோப்பு அடுக்கி, தவணைக்குக் கூடப் போகிற ஆள். இந்த வழக்கில் 34 தவணைக்கும் போனேன். சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது

ஏ-9 வீதியை அண்டிய ஒரு அரிசி ஆலை. 2019 இல் 22 பேர் வேலை செய்தார்கள். நம்மவர் களஞ்சியப் பொறுப்பாளர். 2009 இல் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்து, வெளியே வந்ததும் 2010 நவம்பரில் மூட்டை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். கணக்கு நன்றாக வரும் என்று கண்டு முதலாளியே களஞ்சியத்துக்கு ஏற்றினார். கடைசிச் சம்பளம் மாதம் 38,000 ரூபாய்.

2019 காலபோக அறுவடையில் ஒரு களஞ்சியத்துக்கு 120,000 கிலோ நெல் எடுத்தார்கள். ஜூலையில் இருப்பு எடுத்தபோது 5,200 கிலோ குறைந்தது. 50 கிலோ மூட்டைக் கணக்கில் 104 மூட்டை. அன்றே சம்பளமில்லாமல் இடைநிறுத்தம். ஒரு மணித்தியாலம்கூட எடுக்காத விசாரணை. ஆகஸ்ட் 19 ஆம் திகதியிட்ட பணிநீக்கக் கடிதம். கிலோ 40 ரூபாய் என்று போட்டு 208,000 ரூபாய் இழப்பு, நம்பிக்கை மோசடி என்று அதில் இருந்தது.

அவருடைய பதில் ஒற்றைச் சொல்: ஈரம்.

மாசி மாதம் வயலிலிருந்து நேராக வரும் நெல்லில் ஈரம் 17, 18 வீதம் இருக்கும். ஆலை அதைப் படங்கில் கொட்டிக் காயவைத்து 14 வீதத்துக்குக் கொண்டுவரும். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பதும் அந்த 14 தான். ஈரம் போனால் எடையும் போகும். கணக்கு மிக எளியது. 17.6 வீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் ஈரம் நீங்கிய பொருள் 82.4 கிலோ. அதே பொருள் 14 வீத ஈர நெல்லில் 86 பங்கு. 82.4 ஐ 86 ஆல் வகுத்தால் 95.8. நூறு கிலோவில் நாலு கிலோவுக்கு மேல் காற்றோடு போய்விடும். 120,000 கிலோவில் அது 5,000 கிலோவைத் தாண்டும். மீதிக்கு எலியும் தூசியும் சாக்கு ஓட்டையும் போதும்.

ஆக வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் நின்றது. நெல் வந்தபோது ஈரம் எவ்வளவு? அதற்கான பதில் அந்த 58 துண்டுகளில் இருந்தது.

முதல் ஆறு மாதம்

பணிநீக்கத்துக்கு எதிராகத் தொழிலாளி நேராகத் தொழில் நியாய சபைக்குப் போகலாம். 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1957 இல் செய்த திருத்தம் அந்த வழியைத் திறந்தது. அதற்கு முன்பிருந்தே உள்ள நடுத்தீர்ப்பு வழியும் இருக்கிறது. ஆனால் அங்கே இரு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும், அல்லது அமைச்சர் பிணக்கை நடுத்தீர்ப்பாளருக்கு அனுப்ப வேண்டும். தனியொருவரின் வேலை போன கதைக்குப் பெரும்பாலும் நியாய சபைதான். விண்ணப்பத்தை வேலை போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட்டாக வேண்டும்.

இதில் எங்கள் பக்கத்தில் பலரும் விழுகிற குழி ஒன்று உண்டு. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்ததும் "வழக்குப் போட்டாச்சு" என்று நினைத்துவிடுவார்கள். அது வழக்கு இல்லை, சமரசப் பேச்சு. இவரும் செப்டெம்பர் 9 ஆம் திகதி போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். மூன்று பேச்சுக்குத் திகதி குறித்தார்கள். முதலாளி பக்கம் ஒன்றுக்கு மட்டும் வந்து, "பொலிசுக்குப் போகாமல் விட்டதே பெரிய காரியம்" என்று சொல்லிவிட்டுப் போனது. இவர் அடுத்த அழைப்புக் கடிதத்துக்காகக் காத்திருந்தார். என்னிடம் வந்தது 2020 பெப்ரவரி 11 ஆம் திகதி. 14 ஆம் திகதி விண்ணப்பத்தைக் கொடுத்தோம். காலக்கெடு முடிய ஐந்து நாள் இருந்தது.

ஆனால் அந்த முறைப்பாட்டால் எங்களுக்கே தெரியாமல் ஒரு நன்மை நடந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தவணைகள்

2003 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம், இப்படிப்பட்ட விண்ணப்பத்தை நியாய சபை நான்கு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்கிறது. நான்கு மாதம் தாண்டினால் வழக்குச் செத்துப் போவதில்லை, யாருக்கும் தண்டமும் இல்லை. இந்த வழக்கில் விண்ணப்பத்திலிருந்து கட்டளை, அதாவது நியாய சபையின் தீர்ப்பு, வரை 39 மாதம்.

முதல் தவணை 2020 மார்ச் 27. மார்ச் 20 ஆம் திகதியே நாடு முழுக்க ஊரடங்கு. சரி, அது யாருடைய குற்றமும் இல்லை. 2021 ஆகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மறுபடி தனிமைப்படுத்தல் ஊரடங்கு. 2022 இல் எரிபொருள் இல்லை, பஸ் இல்லை. கொழும்பிலிருந்து வரவேண்டிய எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் காருக்குப் பெற்றோலும் இல்லை.

கோப்பிலிருந்து எண்ணிப் பார்த்தேன். 34 தவணையில் சாட்சியம் எழுதியது 11 நாள். கொரோனாவால் போனது 6. முதலாளி தரப்புக் கேட்டுத் தள்ளியது 7. நாங்கள் கேட்டுத் தள்ளியது 4. மிச்சம் 6, வழக்கை விசாரிக்கிற நியாய சபைத் தலைவர் லீவு, தலைவர் இடமாற்றம், சுருக்கெழுத்தர் இல்லை என்று போனவை. நாங்கள் தள்ளிய நாலில் ஒன்று அறுவடைக் காலம். எங்கள் சாட்சிக்குக் கூலிவேலை இருந்தது, அவளை வா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தாமதத்துக்கு முழுக்க முதலாளியைச் சாட்டினால் அது பொய்க் கணக்கு.

ஆனால் தள்ளிப்போன ஒவ்வொரு நாளும் இரு தரப்புக்கும் ஒரே விலை அல்ல. இவருக்கு ஒரு தவணை என்றால் விடிய ஐந்து மணிப் பஸ், பிறகு இன்னொரு பஸ், சட்டத்தரணிக்குக் கொடுக்கிற காசு, ஒரு நாள் உழைப்பு. முதலாளிக்கு ஒரு கணக்குப்பிள்ளையை அனுப்பினால் போதும். பின்சம்பளம், அதாவது வேலை இல்லாமல் போன காலத்துச் சம்பளம், தவணைக்குத் தவணை ஏறும், அதனால் இழுத்தடிப்பது முதலாளிக்குத்தான் ஆபத்து என்று சிலர் வாதிடுவார்கள். காகிதத்தில் அது சரி. ஆனால் பின்சம்பளம் தானாக ஏறுகிற மீட்டர் அல்ல. நியாய சபை தன் விருப்புரிமையில், "நீதியும் ஒப்புரவுமான" கட்டளை என்ற அளவுகோலை வைத்துத் தீர்மானிப்பது. அந்த அளவுகோல் காலம் போகப் போகத் தொழிலாளிக்கு எதிராகச் சாய்வதை இந்த வழக்கில் கண்டேன்.

சாட்சிகள்

பணிநீக்கத்தை முதலாளி ஒத்துக்கொண்டால், அது நியாயமானது என்று காட்டும் பொறுப்பும் அவருடையது. அவர் தரப்புத்தான் முதலில் சாட்சி வைக்கும். 2021 ஜனவரியில் கணக்குப்பிள்ளை கூண்டில் ஏறினார். நல்ல உரத்த குரல், இருப்புப் புத்தகம் கையில். குறுக்கு விசாரணையின் நடுவில் நேரம் முடிந்தது. அது திரும்பத் தொடர்ந்தது பத்து மாதம் கழித்து. முதல் நாள் தடுமாறிய மூன்று கேள்விக்கும் அவர் அந்தப் பத்து மாதத்தில் பதில் கண்டுபிடித்திருந்தார்.

எங்கள் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். இரவுக் காவலாளி 2021 இல் காலமாகிவிட்டார். நெல் ஏற்றிவந்த லொறிச் சாரதி கட்டாருக்குப் போய்விட்டார். மிஞ்சியது நெல் காயவைக்கிற அக்கா ஒருத்தி. 2022 செப்டெம்பரில் அவரைக் கூண்டில் ஏற்றினோம். மூன்றரை வருடத்துக்கு முந்திய நெல்லைப் பற்றிக் கேள்வி.

"எத்தனையாம் திகதி காயப்போட்டீர்கள்?"

"தெரியாது ஐயா."

"என்ன கிழமை?"

"கிழமை ஞாபகமில்லை ஐயா. மழை இருட்டிக்கொண்டு வந்தது. படங்கை இழுத்து மூடினோம். நெல் அள்ளக் கை குளிர்ந்தது."

கை குளிர்ந்தது என்பது என்னளவில் ஈரத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. வேலை போய் மூன்றாம் மாதத்தில் சொல்லியிருந்தால் திகதியும் கிழமையும் கூட வந்திருக்கும். இப்போது எதிர்த்தரப்பு எழுதிக்கொண்டது "திகதி தெரியாது, கிழமை தெரியாது" என்பதை மட்டும்.

அதற்கிடையில் இன்னொன்று நடந்திருந்தது. 2021 முடிவில் தலைவர் மாற்றலாகிப் போனார். வந்தவர் பழைய சாட்சியத்தைத் தட்டச்சுத் தாளில் வாசித்துத்தான் தொடர வேண்டும். இரு தரப்பும் சம்மதித்தோம், இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணக்குப்பிள்ளை முதல் நாள் நெற்றி துடைத்ததும், இருப்புப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் திருப்பாமல் விரலால் அழுத்திப் பிடித்திருந்ததும் தட்டச்சில் ஏறவில்லை. "சாட்சி: ஆம். சாட்சி: இல்லை." அவ்வளவுதான் புதியவர் கண்டது.

பிறகுதான் அந்த நவம்பர் தவணை, வெள்ளைத் துண்டுகள்.

எங்களைக் காப்பாற்றியது முன்பு சொன்ன அந்த முறைப்பாடு. 2019 செப்டெம்பரில் தொழில் திணைக்களத்தில் ஒரு உத்தியோகத்தர், முறைப்பாட்டுடன் இணைக்க என்று மேலே கிடந்த 21 துண்டுகளைப் போட்டோக் கொப்பி எடுத்து வைத்திருந்தார். 58 ஐயும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். தாள் முடிந்துபோனதாம். போட்டோக் கொப்பியின் கரி மங்காது. அந்தத் திணைக்களக் கோப்பை நியாய சபைக்கு அழைப்பித்தோம். 21 துண்டிலும் எடை, திகதி, லொறி இலக்கம், ஓரத்தில் ஈரப்பதம். சராசரி 17.6. 120,000 கிலோவுக்கும் அதையே விரித்தால் இழப்பு 5,023 கிலோ. முதலாளி சொன்ன குறைவுக்கும் இதற்கும் வித்தியாசம் 177 கிலோ.

"மீதி 37 துண்டில் ஈரம் குறைவாக இருந்திருக்கலாமே" என்று எதிர்த்தரப்புக் கேட்டது. நியாயமான கேள்விதான். நியாய சபை சாட்சியக் கட்டளைச் சட்டத்தால் கட்டுப்பட்டதல்ல என்று சட்டமே சொல்வதால் கொப்பியை ஏற்பதில் சிக்கல் வரவில்லை. ஆனால் 58 துண்டும் வாசிக்கக் கூடியதாக இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடமிருந்திராது.

கட்டளை

2023 மே. பணிநீக்கம் நியாயமற்றது, களவு நிரூபிக்கப்படவில்லை. வாங்கில் பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்தார். பிறகு மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அந்தப் பிடி தளர்ந்தது.

அவர் கேட்டது மீள வேலையில் அமர்த்தல், பின்சம்பளத்தோடு. கட்டளை சொன்னது, மீள அமர்த்தல் இல்லை, அதற்குப் பதிலாக 24 மாதச் சம்பளம் நட்டஈடு. 38,000 ரூபாய்ப்படி 912,000.

ஏன் வேலை இல்லை என்பதற்குச் சொன்ன காரணங்களைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். கிட்டத்தட்ட நாலு வருடம் போய்விட்டது, அந்தப் பதவியில் இன்னொருவர் இருக்கிறார், ஆலையில் ஆட்கள் 22 இலிருந்து 9 ஆகக் குறைந்துவிட்டார்கள். எல்லாம் உண்மை. 2021 இல் இரசாயன உரத்தைத் தடுத்தார்கள், அடுத்த காலபோகத்தில் விளைச்சல் விழுந்தது, ஆலைக்கு நெல் வரவில்லை. ஆட்களை நிறுத்தினார்கள். முதலாளி வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் இந்த மூன்று காரணங்களில் ஒன்றுகூட 2019 ஆகஸ்டில் இருக்கவில்லை. சட்டம் சொன்ன நான்கு மாதத்தில், 2020 ஜூனில், கட்டளை வந்திருந்தாலும் இருந்திராது. அவரை வேலைக்கு எடுக்காமலிருக்க ஆலைக்கு இருந்த மிக வலுவான காரணம், வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தது.

நட்டஈட்டுக் கணக்கிலும் இதே கதை. இலங்கையில் நட்டஈட்டை நிர்ணயிக்க வழக்கமாகத் திரும்பிப் பார்ப்பது 1975 இல் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கும் விஜேரத்னவுக்கும் இடையிலான வழக்கில் நீதியரசர் வைத்தியலிங்கம் சொன்ன விடயங்களை. தொழிலாளியின் வயது, சேவைக் காலம், சம்பளம், வேறு வேலை கிடைக்கும் வாய்ப்பு, பணிநீக்கம் நடந்த விதம், முதலாளியின் கொடுக்கும் வசதி என்று அந்தப் பட்டியல் போகும். 1995 இல் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கு எதிரான ஜயசூரிய வழக்கு, இழப்பு உண்மையில் எவ்வளவு என்று தொழிலாளி காட்ட வேண்டும் என்பதை அழுத்தியது. இரண்டும் நியாயமான சிந்தனை. ஆனால் நாலு வருடம் ஒரு மனிதன் சும்மா இருந்து சாப்பிட முடியாது. அவர் 2020 இல் லீசிங்கில் ஓட்டோ எடுத்து ஓடினார். ஊழியர் சேமலாப நிதியில் கைவைக்க ஆணுக்கு 55 வயதாக வேண்டும், இவருக்கு வேலை போனபோது 50. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் இருந்ததை எடுத்து ஓட்டோவுக்கு முற்பணம் கட்டினார்.

குறுக்கு விசாரணையில் அந்த ஓட்டோ வந்தது. "ஒரு நாளைக்கு எவ்வளவு உழைக்கிறீர்கள்?" நல்ல நாளென்றால் இரண்டாயிரம் என்றார். நேர்மையான ஆள். 2022 இல் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது ஓட்டோவுக்கு முதலில் வாரம் 5 லீற்றர்தான் என்பதையும், லீசிங் தவணையையும், டயரையும் அவர் சொல்லத் தொடங்க, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ" என்றார்கள். மாதம் 25,000 வருமானம் என்று கட்டளையில் ஏறியது. தாமதத்தில் பட்டினி கிடக்காமல் தப்பியதற்காக நட்டஈடு குறைந்தது.

அப்புறம் ரூபாய். 38,000 என்பது 2019 இன் சம்பளம். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதம் 360 ஐத் தொட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் செப்டெம்பரில் 69.8 வீதம். அவர் அரிசி ஆலைக்காரர், எதையும் மூட்டையில்தான் நினைப்பார். கட்டளை வந்த அன்று திரும்பிவரும் பஸ்ஸில் என் பழைய தவணைத் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். 2019 முடிவில் நாட்டரிசி கிலோ 100 ரூபாயை ஒட்டி. 912,000 ரூபாய்க்கு 9,120 கிலோ, 182 மூட்டை. இப்போது கிலோ 200 என்று வைத்தாலும் 91 மூட்டை. "பாதியை எலி தின்றிட்டுது அண்ணை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இந்த இடத்தில் பணிக்கொடையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் படிப்படியாக ஏறும்: ஒரு மாதம் வரை 10 வீதம், மூன்று மாதம் வரை 15, ஆறு மாதம் வரை 20, ஒரு வருடம் வரை 25, அதற்கு மேல் 30. மோசடியால் வந்த இழப்பின் அளவுக்கு அதை மறிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அதைச் சொல்லித்தான் முதலாளி மறித்து வைத்திருந்தார். களவு நிரூபிக்கப்படவில்லை என்றதும் மறிக்க வழியில்லை. எட்டு வருடத்துக்கு 152,000, அதன்மேல் 30 வீதம் 45,600. மொத்தம் 197,600 ரூபாய் ஜூனில் ஒரே காசோலையாக வந்தது.

தாமதத்துக்கு விலை போட்டிருந்தால் முதலாளி எப்படி நடப்பார் என்பதற்கு இது ஒரு சின்ன சாட்சி. விலை எழுதியிருந்த கடனை, கட்டளை வந்ததும் அவர் ஒரு மாதத்தில் கட்டினார். சேமலாப நிதிக்கும் இதே மாதிரி 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை ஏணி உண்டு. பணிநீக்க நட்டஈட்டுக்கு மட்டும் அப்படியொரு ஏணி கிடையாது. பணிக்கொடை ஏணியும் ஒரு வருடத்தோடு நின்றுவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 13 மாதம் பிந்தினாலும் 30, 46 மாதம் பிந்தினாலும் 30.

மேன்முறையீடு

கட்டளைக்கு எதிராக 30 நாளுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம், சட்டப் பிரச்சினை ஒன்றின் மீது மட்டும். முதலாளி மேன்முறையீடு செய்வதானால் கட்டளைத் தொகையை முதலில் பிணையாகக் கட்ட வேண்டும். முதலாளி கட்டினார். 912,000 ரூபாய் போய் வைப்பில் இருந்தது, நம்மவருக்கும் இல்லை, முதலாளிக்கும் இல்லை. இது நல்ல ஏற்பாடு, இல்லாவிட்டால் எல்லா முதலாளியும் மேன்முறையீட்டுக்கு ஓடுவார்கள். ஆனால் கட்டி முடித்த பிறகு அவசரப்பட முதலாளிக்கு ஒரு காரணமும் இல்லை. போன காசு போனதுதான்.

2024 நடுப்பகுதி வரை எழுத்துமூலச் சமர்ப்பணத்துக்குத் திகதி மேல் திகதி. எங்கள் சட்டத்தரணி பயப்பட ஒன்றுமில்லை, கட்டளை நிற்கும் என்றார். நானும் அதையே நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் மேல் நீதிமன்றத்தில் வென்றாலும் அதற்கு மேலே உயர் நீதிமன்றம் இருக்கிறது, அனுமதி கேட்டு அங்கேயும் போகலாம். 2024 நவம்பரில் எதிர்த்தரப்பிலிருந்து ஒரு தொலைபேசி: 725,000 என்றால் இப்போதே முடிக்கலாம், மேன்முறையீட்டை வாபஸ் வாங்குகிறோம்.

நான் வேண்டாம் என்றேன். 187,000 ரூபாயை ஏன் விட வேண்டும்? அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"விடாட்டி எத்தனை தவணை அண்ணை?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஓட்டோவுக்கு ஆறு மாத லீசிங் நிலுவை இருந்தது, வண்டியைத் தூக்கிப் போக இரண்டு முறை ஆள் வந்துவிட்டது. அவருக்கு 55 முடிந்து சேமலாப நிதியை எடுக்கலாம் என்று வந்திருந்தாலும் அதை மகளின் பெயரில் வைக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். அதை உடைக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? 2024 டிசம்பரில் ஒப்பமிட்டார். வேலை போய் 64 ஆம் மாதம்.

இந்த வழக்கிலிருந்து எனக்கு வந்த பழக்கம் ஒன்று. இப்போது யார் பணிநீக்கக் கடிதத்தோடு வந்தாலும், கதையைக் கேட்பதற்கு முதல், கையில் இருக்கிற துண்டு, ரசீது, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டோக் கொப்பி எடுக்கச் சொல்கிறேன், இரண்டு பிரதி. சாட்சி சொல்லக் கூடியவர்களிடம் அந்தக் கிழமையே சத்தியக்கடதாசி எழுதி வாங்கி வைக்கிறேன். ஆள் வெளிநாடு போனால் அது குறுக்கு விசாரணைக்கு ஈடாகாது என்று தெரியும். இருந்தாலும் திகதியும் கிழமையும் மறப்பதற்கு முன் ஒரு தாளில் இருக்கும். உழைக்கிற காசுக்கும், அதை உழைக்கச் செலவழித்த காசுக்கும் ஒரு கொப்பியில் நாளாந்தக் கணக்கு எழுதச் சொல்கிறேன். ஓட்டோ ஓடினால் பெற்றோல், லீசிங், டயர் எல்லாம். ஆறு மாதக் காலக்கெடுவை நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் நானே வட்டம் போட்டுக் கொடுக்கிறேன்.

ஒப்பமிட்ட அன்று அவர் மறுபடி மூட்டைக் கணக்குப் போட்டார். அந்த மாதம் நாட்டரிசிக்கு அரசாங்கம் வைத்த உச்ச விலை கிலோ 230. 725,000 ரூபாய்க்கு 63 மூட்டை. அந்த எண்ணை இரண்டு முறை அடிக்கோடிட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து காசோலையை எடுத்து, அது போடுவதற்கென்று யாரோ கொடுத்திருந்த பிளாஸ்டிக் உறையைப் பார்த்தார். உறையை என்னிடம் தந்துவிட்டு, காசோலையை அன்றைய பத்திரிகைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனார்.